6. நாயனப் பெட்டி

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயிலில் சேரன்மகாதேவி தாண்டியதும் காருகுறிச்சி வரும். அந்த ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட நாகஸ்வர வித்வான் அருணாசலத்தை (1921–1964) நினைக்காமல் அந்த ஸ்டேஷனை நான் தாண்டியதில்லை. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சரிக்குச் சரி நின்ற நாயனம் அவருடையதுதான். அதே ரயிலில் முகூர்த்த நாள் காலையில் ஏறிப் பாருங்கள். சாமான் தட்டில் இரண்டு மூன்று நாயனங்களாவது கிடக்கும். ஒன்று பழைய வேட்டியில் சுற்றியிருக்கும். ஒன்று ஜிப் போன ரெக்ஸின் உறைக்குள் இருக்கும். இன்னொன்றை வைத்திருப்பவர் தட்டையே நம்பாமல் குழந்தையைப் போல மடியில் கிடத்தியிருப்பார்.

இந்த அத்தியாயம் அவர்களுக்காக. தவிலுக்கும் உடுக்கைக்கும் இது உதவாது. வில்லுப்பாட்டுக்காரர்களின் வில்லுக்கு நான் பார்த்தவரை துணி சுற்றி வேன் கூரையில் கட்டுவது ஒன்றே வழி. நெல்லையப்பர் கோவில் இசைத்தூண்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

பெட்டி என்றதும் எல்லோரும் அடிபடாமல் காப்பதைத்தான் நினைக்கிறார்கள். அதனால் கனமான பலகை, உள்ளே இரண்டு அங்குல ஸ்பாஞ்சு, அதன்மேல் சிவப்பு வெல்வெட். நான் செய்த முதல் பெட்டியும் அப்படித்தான் இருந்தது. நகைக்கடைப் பெட்டி மாதிரி இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். கார்த்திகையில் ஒரு கோவில் கச்சேரி முடித்து, நனைந்த நாயனத்தை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டினேன். மழை விடவில்லை. ஐந்து நாள் திறக்கவும் இல்லை. ஆறாம் நாள் மூடியைத் திறக்கவே உளி தேவைப்பட்டது. உள்ளே உலவு முழுக்க வெள்ளைப் பூஞ்சை, சீவாளிகள் கறுத்து நாற்றம். வீரவநல்லூர்ப் பக்கத்து ஆசாரி ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னவே, நாயனத்த ஊறுகா போட்டிருக்கீரு?”

அன்றைக்குப் புரிந்தது இதுதான். இந்த ஆற்றுப்படுகையில் நாயனத்துக்கு அடியைவிட ஈரமே பெரிய பகை. ஆனி ஆடியில் மேற்கே குற்றாலச் சாரல், ஐப்பசி கார்த்திகையில் எல்லா ஊரிலும் அடைமழை, நடுவே சித்திரை வைகாசியில் மரத்தையே பிளக்கும் வெயில். வெளியே இப்படி என்றால் உள்ளே வாசிக்கிறவரின் மூச்சும் எச்சிலும். மூன்று மணி நேரம் ஊதிய நாயனத்தின் துளைக்குள் துணியை விட்டு இழுத்துப் பாருங்கள், நனைந்துதான் வரும். அந்த ஈரம் போக வழி வைக்காத பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் நாயனத்துக்கு ஆகாது. கீழே சொல்லும் அளவு, மரம், துணி எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வந்தவை.

அளவெடுத்தல்

திமிரி குட்டை, பாரி நீளம் என்பது தெரிந்ததே. டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பிறகு பாரியே பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பாரியிலும் ஒன்று போல் ஒன்று இருக்காது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பழைய வீடுகளில் இருந்து கழற்றிய ஆச்சா மரத்தைத் தேடிப் பிடித்துக் கையால் கடைகிறார்கள். கைவேலையில் அரை அங்குலம் முன்பின் இருக்கும். ஆகவே என் அளவை நம்பி அறுக்காதீர்கள். உங்கள் நாயனத்தைப் பாயில் கிடத்தி நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அளக்கும்போது சீவாளியைக் கழற்றிவிடுங்கள், கெண்டையைக் கழற்றாதீர்கள். இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். உலவையும் அணசையும் மட்டும் அளந்து பெட்டி செய்தேன். ஒவ்வொரு முறையும் கெண்டையைப் பிடுங்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் கெண்டை உட்காரும் வாய் தளர்ந்துவிடும்.

என் கையில் இருக்கும் பாரி, கெண்டையோடு 34 அங்குலம். அணசின் வாய் 6 அங்குல விட்டம். இரு முனையிலும் ஓர் அங்குலம் விட்டால் உள்நீளம் 36. அணசுக்கு இரு பக்கமும் ஓர் அங்குலம் விட்டால் உள்ளகலம் 8. மேலும் கீழும் அரை அங்குலம் விட்டால் உள்ளுயரம் 7. இனி வரும் எண்கள் எல்லாம் இந்த 36, 8, 7 கணக்கில்தான். உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாயனம் மேலே ஒடுங்கி, கீழே விரிகிறது. பெட்டியோ நேராகப் போகிறது. அதனால் கெண்டைப் பக்கத்தில் இருபுறமும் மூன்றங்குலத்துக்கு மேல் இடம் சும்மா கிடக்கும். சீவாளி டப்பா, மெழுகு, துடைக்கும் துணி இவற்றுக்கு அந்த இடம் போதும். தனி அறை வைக்கிறேன் என்று பெட்டியை அகலமாக்கினால் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரிடம் பேச்சு வாங்குவீர்கள்.

எந்த மரம்

தேக்குதான். புதுத் தேக்கை அல்ல, பழைய தேக்கைச் சொல்கிறேன். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் பழைய வீடு இடித்த மரம் விற்கும் இடங்களில் கதவுப் பலகை, அலமாரிப் பலகை, தட்டோட்டுச் சட்டம் கிடைக்கும். பல மழையும் பல கோடையும் கண்ட மரம் அது. நெளிய வேண்டியதை எல்லாம் நெளிந்து முடித்திருக்கும். ஒன்று கவனம்: ஆணி முறிந்து உள்ளேயே கிடக்கும். காந்தம் ஒன்றைப் பலகை மேல் ஓட்டிப் பார்க்காமல் இழைப்புளியை வைக்காதீர்கள். ஓர் ஆணி பட்டால் இழைப்புளி அலகை அரை நாள் தீட்ட வேண்டும்.

செங்கோட்டை மர டிப்போக்களில் புதுத் தேக்கு கிடைக்கும். வாங்கினால் வைரம் பாய்ந்த பகுதியாகக் கேளுங்கள். ஓரத்து வெளிறிய பகுதியில்தான் உளுப்பு விழும். மாம்பலகை மலிவு, ஆனால் உளுத்துக் கொட்டும். பூவரசு நல்ல மரம், ஏழு அங்குல அகலத்தில் குறையில்லாப் பலகை கிடைப்பதுதான் அரிது. வேம்பை வண்டு அண்டாது. ஆனால் நன்றாகக் காயாத வேப்பம்பலகை முறுக்கிக்கொள்ளும். எடை குறைய வேண்டும் என்பவர்கள் மலைவேம்பைப் பார்க்கலாம். பிளைவுட்டுக்காக இப்போது நிறையப் பயிராகிறது. அடி பட்டால் தேக்கைவிடச் சீக்கிரம் குழி விழும், அவ்வளவுதான்.

மரம் காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஓரத்தில் ஒரு துண்டு அறுத்து, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, பென்சிலால் அதன்மேலேயே எடையை எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுங்கள். இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகிவிட்டது என்று பொருள்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. முழுப் பெட்டியையும் 10 மி.மீ. தேக்கில் செய்தால் மரம் மட்டும் ஐந்தேகால் கிலோவுக்கு மேல் வரும். நாலு பக்கமும் தேக்கு, அடியில் 6 மி.மீ. பிளைவுட், மூடியில் 4 மி.மீ. பிளைவுட் என்றால் ஏறத்தாழ நாலு கிலோவில் முடியும். கொடைக்குக் கொடை தூக்கித் திரிகிறவருக்கு அந்தக் கிலோ சின்ன விஷயமில்லை. பிளைவுட் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நானும் சுளித்தவன்தான். ஆனால் மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் அசையும். எட்டு அங்குல அகலத் தேக்குப் பலகைகூட ஒரு மழைக்காலத்தில் ஒன்றிரண்டு மி.மீ. அகன்று, கோடையில் சுருங்கும். அதைச் சுற்றிலும் ஒட்டி ஆணி அடித்து இறுக்கினால் ஒன்று அது வெடிக்கும், இல்லையென்றால் மூலையைத் தள்ளிவிடும். பிளைவுட்டில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. அடியும் மூடியும் தேக்காகத்தான் இருக்க வேண்டும் என்றால் பக்கப் பலகைகளில் காடி எடுத்து, அதற்குள் பசை வைக்காமல் பலகையைச் செருகுங்கள். அது தன்பாட்டுக்கு அகன்று சுருங்கட்டும்.

எப்போது செய்வது

மேளக்காரருக்கு ஓய்வு கிடைப்பது மார்கழியில். ஆடியிலும் கல்யாணம் கிடையாதுதான். ஆனால் நம் பக்கம் ஆடி என்றால் அம்மன் கொடை, மூச்சுவிட நேரம் இருக்காது. மார்கழியில் காலைத் திருப்பள்ளியெழுச்சி முடிந்தால் பகல் முழுக்கச் சும்மா. ஆனால் மழை முடிந்த கையோடு இணைப்பு வேலை செய்தால் கோடையில் மூடி தொளதொளக்கும். அக்னி நட்சத்திரத்தில் செய்தால் கார்த்திகையில் மூடி இறுகும், என் முதல் பெட்டியைப் போல. மார்கழியில் மரம் வாங்கி இழைத்து, உத்தரத்தில் நூல் கட்டி அடுக்கி வையுங்கள். இணைப்பைத் தைக் கடைசியில் தொடங்குங்கள்.

பெட்டியை மூடிச் செய்து, பிறகு அறுத்தல்

மூடியைத் தனியாகவும் பெட்டியைத் தனியாகவும் செய்யாதீர்கள். இரண்டும் ஒருநாளும் பொருந்தாது. எல்லாப் பக்கமும் அடைத்த ஒரே பெட்டியாகச் செய்து, பிறகு சுற்றி அறுத்து மூடியைப் பிரித்தெடுக்க வேண்டும். அப்போது இரண்டு வாயும் தாமே பொருந்தும்.

பக்கங்களுக்கு எட்டடி நீளம், ஏழேகால் அங்குல அகலம் உள்ள ஒரே பலகை போதும். 37, 9, 37, 9 அங்குலம் என்ற வரிசையிலேயே அறுங்கள். இழை பெட்டியைச் சுற்றித் தொடர்ந்து ஓடும். பார்க்க அழகு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நாலு பலகையும் ஒரே வாக்கில் நின்றால் மழையில் நாலும் ஒன்றுபோல உயரும், மூலை பிரியாது.

மூலைகளை இரண்டு கை விரல்களைக் கோத்தது போல வெட்டிப் பூட்டினால் உறுதி. கை பழகாதவர்கள் ஒரு பலகையின் முனையில் பாதிக் கனத்துக்குக் காடி எடுத்து, மற்றதை அதில் உட்கார வைத்து, ஃபெவிகால் பூசி, 3 மி.மீ. துளையிட்டு மூங்கில் ஆணி இறக்குங்கள். இரும்பாணி வேண்டாம். ஈரத்தில் துருப்பிடித்துத் தேக்கில் கறுப்புக் கறை இறக்கும். பழைய ஆசாரிகள் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினார்கள். ஈரக்காற்றில் அது இளகும், நமக்குச் சரிவராது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னரில் துடைத்துவிட்டு உடனே பசை பூசுங்கள். குறுக்கு மூலைகளை நூலால் அளந்து இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, கயிறு சுற்றி இறுக்கி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிறகு அடியிலும் மேலும் பிளைவுட்டை ஒட்டிப் பித்தளைத் திருகாணி போடுங்கள்.

மேலிருந்து இரண்டு அங்குலத்தில் கோடு போட்டுச் சுற்றி அறுக்க வேண்டும். மூங்கில் ஆணியோ திருகாணியோ அந்தக் கோட்டில் வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நுண்பல் ரம்பம் எடுத்து, முதலில் நீளப் பக்கம் இரண்டையும், கடைசியில் முனைகளையும் அறுங்கள். அறுத்த வாயை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். இழைப்புளி ஓட்டினால் பொருத்தம் போய்விடும். மூடி விளிம்பில் உள்பக்கமாக மெல்லிய ரீப்பர் ஒன்றைச் சுற்றி ஒட்டி, அது கால் அங்குலம் கீழிறங்கி நிற்கும்படி செய்யுங்கள். கொடையில் மஞ்சள் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் என்று யார் கண்டது?

தாங்கு கட்டைகள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நாயனம் பெட்டிக்குள் படுத்திருக்கக் கூடாது. இரண்டே இடத்தில் தாங்கி, மற்ற எல்லாம் காற்றில் நிற்க வேண்டும். ஸ்பாஞ்சில் புதைத்தால் உடல் முழுக்க ஈரத்தோடு ஒட்டிக் கிடக்கும். ஸ்பாஞ்சும் நம் வெயிலில் சில வருஷத்தில் பொடிந்து பிசுபிசுக்கும். அந்தப் பிசின் துளைகளில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

ஒரு தாங்கு, அணசுக்குச் சற்று மேலே உலவின் கனமான இடத்தில். இன்னொன்று, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இரண்டு விரல் துளைகளுக்கு நடுவே. அணசு எதையும் தொடக் கூடாது, கெண்டையும் தொடக் கூடாது. பெட்டி விழுந்தால் முதலில் பிளப்பது அணசின் விளிம்புதான்.

உயரத்துக்குக் கணக்கு இது. அணசு விட்டத்தில் பாதி 3 அங்குலம், அடியில் விடும் இடைவெளி அரை, மொத்தம் மூன்றரை. நாயனத்தின் நடுக்கோடு தரையிலிருந்து இந்த உயரத்தில் ஓட வேண்டும். தாங்கு வைக்கும் இடத்தில் உடலின் கனத்தில் பாதியை இதிலிருந்து கழியுங்கள். என் பாரியில் கீழ்த் தாங்கு இடத்தில் கனம் 2 அங்குலம், ஆகவே குழியின் அடி இரண்டரை அங்குல உயரத்தில். மேல் தாங்கு இடத்தில் கனம் ஒன்றரை, குழி இரண்டே முக்கால் உயரத்தில். துணி விரிப்பதற்காக இன்னும் 2 மி.மீ. ஆழம் கூட்டுங்கள். முதலில் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி நாயனத்தில் வைத்துப் பாருங்கள். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகே கட்டையில் கை வையுங்கள். மூடியின் உள்பக்கம், இந்த இரண்டு தாங்குகளுக்கு நேர்மேலே, துணி சுற்றிய இரண்டு சிறு கட்டைகள் இருக்கட்டும். மூடினால் அவை நாயனத்தை லேசாகத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது.

குழிக்குப் பழைய பருத்தி வேட்டி நாலு மடிப்பு போதும். முனைகளைச் சிறு ஆணியால் பிடித்தால் கழற்றித் துவைக்கலாம், ஒட்டினால் முடியாது. பெட்டியின் அடியில் விரிக்கப் பத்தமடைப் பாயில் ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. தாமிரபரணிக் கரைக் கோரை, மெலிதாகப் பின்னியது, அடியில் காற்று ஓடும். கல்யாணப் பாயை வெட்டச் சொல்லவில்லை. ஓரம் கிழிந்த பழைய பாய் எந்த வீட்டிலும் ஒன்றிருக்கும்.

காற்றும் பூச்சியும்

இரண்டு முனைப் பலகைகளிலும் 10 மி.மீ. அளவில் இரண்டிரண்டு துளை. உள்ளிருந்து பித்தளை வலை ஒட்டுங்கள். வலை இல்லாவிட்டால் கரப்பான் குடிவரும், அது முதலில் தின்பது சீவாளியை.

பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சீவாளி நாணல், எந்த வாசனையையும் உறிஞ்சும். அது வாயில் வைக்கும் பொருள். கற்பூரமும் வேண்டாம். வாரம் ஒருமுறை பெட்டியைக் காலியாகத் திறந்து இளவெயிலில் அரைமணி வைத்தாலே போதும்.

சீவாளிக்கு டப்பா தனியாக வேண்டும். அம்பாசமுத்திரத்தில் மரச்செப்பு கடைகிறவர்களிடம் போய் ஒரு சீவாளியைக் காட்டி, அது நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் உருளை டப்பா கேளுங்கள். பிள்ளைகள் சோறு பொங்கி விளையாடும் சட்டி பானையைக் கடைகிற அதே கை, அதே பட்டறை. வெளியே அரக்குப் பூச்சு இருக்கலாம், உள்ளே ஒன்றும் பூசக் கூடாது. மூடியில் நாலு சிறு துளை போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பூச்சு

வெளியே வார்னிஷ் மூன்று கை. அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பாலிஷ் இன்னும் அழகுதான், ஆனால் தண்ணீர் பட்ட இடம் வெளுக்கும். மேலே எத்தனை கை பூசினீர்களோ அத்தனை கை அடிப்பக்கமும் பூசுங்கள், இல்லையென்றால் அடி வழியே ஈரம் ஏறும். உள்ளே எதுவும் பூச வேண்டாம், வெறும் மரமே கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பூச்சு வாசனை அறவே போகும்வரை, குறைந்தது இரண்டு வாரம், நாயனத்தை உள்ளே வைக்காதீர்கள்.

கீல் மூன்று, பித்தளையில். கொண்டி இரண்டு. மூடி பின்னால் சாய்ந்து கீலைப் பிடுங்காமல் இருக்க ஒரு நாடா. அடியில் நாலு ரப்பர் பொத்தான். மண்டபத் தரையில் தண்ணீர் ஓடும்போது அதன் அருமை தெரியும், கரையானுக்கும் ஒரு தடை.

பெட்டியில் வைக்கும் முன் நாயனத்தைத் துணி விட்டுத் துடைத்து, அரைமணியாவது நிழல் காற்றில் நிறுத்துங்கள். தொங்கும் சீவாளிக் கொத்தைக் கழற்றுங்கள், அது ஆடி ஆடி உலவைக் கீறும். தாளம், சுருதிப் பெட்டி எதையும் உடன் வைக்காதீர்கள். கோடையில் வேன் கூரைமேல் பெட்டியைக் கட்டாதீர்கள். பிரம்மசுரத் துளைகளில் சுருதிக்காக அடைத்த மெழுகு இளகி வழியும்.

கைப்பிடியும் சோதனையும்

கைப்பிடியைப் பெட்டியின் நடுவில் வைக்கிறவர்கள் வழியெல்லாம் அணசுப் பக்கம் சாயும் பெட்டியோடு மல்லுக்கட்டுவார்கள். கனம் அந்தப் பக்கம்தான். நாயனத்தையும் டப்பாவையும் உள்ளே வைத்து மூடி, பெட்டியைச் சப்பாத்திக் கட்டை ஒன்றின் மேல் குறுக்கே வையுங்கள். மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் இரு பக்கமும் சமமாக நிற்கும். அங்கே கோடு போட்டு, பெட்டியின் முன்பக்கப் பலகையில் அந்தக் கோட்டுக்கு இருபுறமும் சமதூரத்தில் கைப்பிடியை மாட்டுங்கள். திருகாணி போதாது. போல்ட் துளைத்து உள்ளே வாஷர் வைத்து முடுக்குங்கள், முனை நாயனத்தின் பக்கம் நீளாமல் ராவிவிடுங்கள்.

பிறகு நாயனத்தை எடுத்துவிட்டு, அதே நீளத்தில் ஒரு மூங்கிலுக்குத் துண்டு சுற்றி, தாங்கு இடங்களில் நாயனத்தின் கனம் வரும்படி கட்டி உள்ளே வையுங்கள். பூட்டித் தூக்கிக் கவிழ்த்து, பக்கவாட்டில் திருப்பி, நம் ஊர் மினி பஸ் குலுக்குகிற மாதிரி குலுக்குங்கள். காதை வைத்துக் கேளுங்கள். லொடக்கென்று சத்தம் வந்தால் மூடிக் கட்டையில் இன்னும் ஒரு மடிப்புத் துணி. மறுபடி குலுக்குங்கள்.